நெடுநாள் நின்ற டிராக்டர் எஞ்சினுக்கு வாங்கும் பொருட்கள்: எது உதவும், எது கெடுக்கும்

ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் ஓடாமல் நின்றுவிட்ட பழைய டீசல் டிராக்டரை மறுபடி ஓட வைப்பதற்கென்றே இன்று எத்தனையோ பொருட்கள் விற்கப்படுகின்றன. துரு இளக்கும் எண்ணெய், எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கும் சிறு கேமரா, டேங்கில் படிந்த துருவை நீக்கும் திரவம், டீசலில் கலக்கும் மருந்துகள், உடனே கிளம்பச் செய்யும் என்று சொல்லப்படும் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே, இவை தவிர சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதித்துத் தரும் பணிமனைச் சேவை என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே எஞ்சினில் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டது. சிலிண்டருக்குள் நேரடியாக டீசலைப் பீய்ச்சும் வகை. சுழல் வகை டீசல் பம்ப் பொருத்தப்பட்டது. எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலை நெம்பினாலும் அசையாத அளவுக்கு இறுகிப் போயிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறேன். இறுகிய எஞ்சினின் மேல் நாம் செலுத்த வேண்டிய விசையை அந்தப் பொருள் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பதே அந்த அளவுகோல். வளைந்த கனெக்டிங் ராடு (பிஸ்டனை எஞ்சினின் சுழல்தண்டோடு இணைப்பது), உடைந்த ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), நெளிந்த புஷ் ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் தண்டு) ஆகிய எதுவும் கொட்டகையில் சும்மா நின்ற காலத்தில் நேர்பவை அல்ல. யாரோ ஒருவர் அவசரப்பட்டு எஞ்சினைக் கிளப்ப முயன்ற நாளில் நேர்பவை. துருவால் வந்த சேதத்தை, சிலிண்டரின் உட்சுவரான லைனரைத் தேய்த்தோ மாற்றியோ சரிசெய்துவிடலாம். விசையால் வந்த சேதம் பெரும்பாலும் எஞ்சினையே முழுதாகப் பிரிக்க வைக்கும்.

எஞ்சின் எப்படி இறுகுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் மேலே சொல்லப்போகும் தீர்ப்புகளின் காரணம் விளங்கும். பல சிலிண்டர் எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் ஏதேனும் ஒரு சிலிண்டரிலாவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியாக ஈரக் காற்று உள்ளே போய்வருகிறது. பகல் வெப்பமும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது அந்த ஈரம் லைனரின் சுவரில் நீராகப் படிகிறது. சைலன்சர் குழாய் மேல்நோக்கித் திறந்திருந்தால் மழைநீரே நேராக இறங்கிவிடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத இடத்தில் அது வளரும்போது இரண்டையும் பூட்டிவிடுகிறது. ஆகவே பெரும்பாலும் எல்லாச் சிலிண்டர்களும் இறுகியிருப்பதில்லை. ஒன்றோ இரண்டோதான் இறுகியிருக்கும். அது எது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

அதனால்தான் வாங்கியவற்றில் சிறு கேமராவுக்கு முதலிடம் தருகிறேன். வளையும் கம்பியின் நுனியில் விளக்கும் லென்சும் வைத்து, கைபேசியில் படம் காட்டும் மலிவான வகையே போதுமானது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது தலையின் விட்டம் மட்டுமே. 5.5 மி.மீ. தலை உள்ளது டீசலை நேரடியாகப் பீய்ச்சும் பெரும்பாலான எஞ்சின்களில் இன்ஜெக்டர் துளை வழியே இறங்கிவிடுகிறது, 8 மி.மீ. வகை சிலவற்றில் நுனித் துளையிலேயே நின்றுவிடும். டீசலை முதலில் ஒரு சிறு அறைக்குள் பீய்ச்சும், முன்னறை கொண்ட எஞ்சினாக இருந்தால் அந்த அறையின் வளைவு கேமராவைத் தடுத்துவிடும் என்பதால் வாங்குவதற்கு முன் எஞ்சின் எந்த வகை என்று உறுதி செய்துகொள்வது நல்லது. கேமராவோடு வரும் சாய்ந்த கண்ணாடித் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிஸ்டனின் தலையை மட்டுமல்லாமல் பக்கச் சுவரைப் பார்க்க அது ஒன்றே வழி.

கேமராவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அதன் விளக்கு மெல்லிய துருப்படலத்தைக்கூடச் செக்கச்செவேலென்று காட்டி மிரட்டும். மாறாக, சுவரில் விழுந்த ஆழமான குழிகளை எண்ணெயின் பளபளப்பில் மறைத்துவிடும். எனவே எண்ணெய் எதையும் ஊற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மேலோட்டமான துரு என்றால் ஆரஞ்சு நிறப் பட்டையாகச் சீராகத் தெரியும். அரித்த குழி என்றால் கறுத்த புள்ளிகளாகத் தெரியும். நான் பார்த்த எஞ்சினில் இரண்டு சிலிண்டர்கள் ஏறத்தாழ சுத்தமாகவும், மூன்றாவதில் மட்டும் சுவரைச் சுற்றி ஒரு துருவளையமும் இருந்தன. அந்த ஒரு செய்தி மற்றெல்லாப் பொருட்களையும் எங்கே, எவ்வளவு பயன்படுத்துவது என்பதைத் தீர்மானித்துவிட்டது. எந்த விசையும் செலுத்தாமல் கிடைத்த தகவல் என்ற வகையில் இதற்கு இணையான பொருள் இந்தப் பட்டியலில் இல்லை.

துரு இளக்கும் எண்ணெய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஒரே பெயரில் மூன்று வேறு பொருட்கள் புழங்குகின்றன. முதலாவது, எல்லா வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 போன்ற பல்பயன் ஸ்பிரே. 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவான அந்தப் பொருளின் பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது: நீரை விலக்குவதற்காகச் செய்த நாற்பதாவது கலவை. ஈரம் பட்ட மின் இணைப்புகளுக்கும், கழற்றிய பாகங்கள் உடனே துருப்பிடிக்காமல் காப்பதற்கும் அது மிக நன்றாகப் பயன்படுகிறது. ஆண்டுக்கணக்கில் இறுகிய திருகாணிக்குள் ஊடுருவுவதற்கு அதைவிட அந்த வேலைக்கென்றே செய்யப்பட்ட எண்ணெய்களே ஏற்றவை. அந்த இரண்டாம் வகை எண்ணெய்கள் நீரைப்போல இளகியவை, பரப்பு இழுவிசை குறைந்தவை. ஆதலால் கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலும் தாமாகவே ஏறிச் செல்லும். இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் நட்டுகள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஸ்டட்டுகள், டீசல் பைப்பின் நட்டுகள் ஆகியவற்றுக்கு இந்த இரண்டாம் வகையே தகும். அடித்துவிட்டு உடனே ஸ்பேனரைப் பிடிப்பவருக்கு அது எந்த நன்மையும் செய்யாது. மாலையில் அடித்து, மறுநாள் மீண்டும் அடித்து, நட்டின் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி அதிர்வு கொடுத்த பிறகு கழற்றினால், கழற்றத் தேவைப்படும் விசையில் கைக்கே தெரியும் வேறுபாடு இருக்கிறது.

மூன்றாவது வகை கடையில் கிடைப்பதன்று. தானியங்கி கியர்பெட்டிகளுக்கான எண்ணெயையும் அசிட்டோனையும் பாதிப்பாதி கலந்து பட்டறைகளில் செய்துகொள்ளும் கலவை. இதன் புகழ் மிகப் பெரிது. வெளியே இருக்கும் திருகாணிகளில் அந்தப் புகழுக்கு ஏற்றபடியே வேலையும் செய்கிறது. ஆனால் இரண்டும் உண்மையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. சிறிது நேரம் வைத்தாலே பிரிந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். சிலிண்டருக்குள் ஊற்றி வாரக்கணக்கில் விடுவதற்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அசிட்டோன் 56 பாகை செல்சியசில் கொதிக்கும் பொருள். சாதாரண வெப்பநிலையிலேயே வேகமாக ஆவியாகிப் போய்விடும். போகும்வரை அதன் ஆவி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். அங்கே அசிட்டோனுக்குப் பதிலாக டீசலையே அதே கியர்பெட்டி எண்ணெயோடு சரிபாதி கலந்தால் இரண்டும் நன்றாகச் சேர்ந்து நிற்கின்றன, ஆவியாவதும் குறைவு, பிற்பாடு எஞ்சின் ஓடும்போது தாமாகவே எரிந்து வெளியேறுகின்றன. விலை உயர்ந்த புட்டிகளைச் சிலிண்டரில் கொட்டுவது வீண் என்பதே என் முடிவு. அங்கே வேலை செய்வது எண்ணெயின் உயர்வைவிடக் காலமே.

சிலிண்டரில் ஊற்றும்போது பிஸ்டனின் தலை முழுதும் மூழ்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும்; மேலே ஸ்பிரே அடித்து நனைப்பது போதாது, ஏனெனில் எண்ணெய் போய்ச் சேர வேண்டிய இடம் தலையின் விளிம்புக்குக் கீழே உள்ள ரிங்குகள். ஊற்றிய மட்டம் நாளடைவில் இறங்கினால் மகிழ வேண்டும். ரிங்குகளைக் கடந்து எண்ணெய், எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்புக்குள் கசிகிறது என்று பொருள். அப்படிக் கசிந்தது சம்பில் இருக்கும் எஞ்சின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும் என்பதால், எஞ்சினை ஓட்டுவதற்கு முன் அந்த ஆயிலை முழுதாக வடித்துவிடுவது கட்டாயம். வடிக்கும் திருகைத் தளர்த்தியதும் முதலில் வருவது தெளிந்த நீராக இருந்தால் வியக்க வேண்டாம். நீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில்தான் நிற்கும்.

இங்கே ஒரு கிளைச்செய்தி. எண்ணெய் ஊறும் காலத்தில் வால்வு மூடியைக் கழற்றி, ஒவ்வொரு வால்வின் தலையிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது எந்தப் பொருளும் வாங்காமல் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. ஸ்பிரிங் உடனே திருப்பித் தள்ளினால் வால்வு நலமாக இருக்கிறது. கீழே போனது மேலே வரவில்லை என்றால் அந்த வால்வு அதன் வழிகாட்டிக் குழலில் இறுகியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் எஞ்சினைச் சுழற்றினால், திறந்தபடி நின்ற வால்வை மேலேறும் பிஸ்டன் வந்து இடிக்கும். மூடியபடி இறுகிய வால்வாக இருந்தால் புஷ் ராடு வளையும். பல்பயன் ஸ்பிரேயின் மெல்லிய குழாய் மிகச் சரியாகப் பொருந்தும் ஓர் இடம் இதுதான். வால்வுத் தண்டின் அடியில் அடித்து, தட்டி, சுழற்றி, மறுபடி அடித்துக் கொண்டே இருந்தால் பெரும்பாலும் இளகிவிடுகிறது.

ஊறவைத்த பிறகு சுழற்றும் வேலை. இதற்கென்று விற்கப்படும் ஃப்ளைவீல் சுழற்றும் கருவி, ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிய துளை வழியே பல்சக்கரத்தில் பொருந்தி நெம்புகோலாக இயங்குவது. எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை நட்டு கைக்கு எட்டாத எஞ்சின்களில் அது தேவைப்படும். எட்டும் எஞ்சின்களில் நீண்ட கைப்பிடி கொண்ட சாக்கெட் ஸ்பேனரே போதும். இரண்டிலும் முக்கியமானது முறை: ஒரே திசையில் முழு வலுவோடு இழுக்காமல், முன்னும் பின்னுமாக, கை உணரும் அளவான விசையில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் அசைவது நகத்தின் அகலம்கூட இருக்காது. அதன் பிறகு மறுபடி எண்ணெய், மறுபடி காத்திருப்பு. டிராக்டரைக் கியரில் போட்டு இன்னொரு வண்டியால் இழுப்பது பலர் சொல்லும் வழி. சக்கரத்திலிருந்து கிராங்க் வரை வரும் விசை எவ்வளவு என்று இழுப்பவரால் உணரவே முடியாது என்பதால் அதைவிடக் கெட்ட வழி இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு முட்டுவதும் அப்படித்தான்; சுழலாத மோட்டார் சில நொடிகளிலேயே சூடேறிக் கருகத் தொடங்கும்.

எஞ்சின் சுழலத் தொடங்கியதும் இன்ஜெக்டர்களைப் பொருத்திவிடும் ஆசை எழும். பொருத்தக் கூடாது. பிஸ்டனின் மேல் இன்னும் எண்ணெய் நிற்கிறது, திரவம் அமுங்காது, மூடிய சிலிண்டரில் அதை அழுத்தினால் வளைவது கனெக்டிங் ராடுதான். துளைகளின் மேல் பழைய துணியைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, முதலில் கையாலும் பிறகு ஸ்டார்ட்டராலும் சுழற்றி எல்லாத் திரவத்தையும் வெளியேற்றிவிட வேண்டும்.

இப்போது டீசல் செல்லும் பாதைக்கான பொருட்கள். பழைய டீசலுக்கு உயிர்கொடுக்கும் என்று விற்கப்படும் மருந்துகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. பல ஆண்டு நின்ற டீசலில் பிசின் படிந்திருக்கும், நீர் சேர்ந்திருக்கும், நீருக்கும் டீசலுக்கும் நடுவே உள்ள எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுத்த சளிபோன்ற படலமாகியிருக்கும். கிருமிக்கொல்லி அவற்றைக் கொல்லும். ஆனால் கொல்லப்பட்டவை டேங்கிலேயே மிதந்து ஃபில்டரை அடைக்கும். அந்த டீசலை வடித்து அப்புறப்படுத்துவதே அறிவு. கிருமிக்கொல்லி வீண் என்று சொல்லவில்லை. புது டீசலை நிரப்பி வண்டியை மறுபடி நெடுநாள் நிறுத்தப் போகிறவர், அந்த நிறைந்த டேங்கில் அளவாகக் கலந்தால் அது பயன் தரும். அது வருமுன் காக்கும் பொருள். வந்த பின் குணப்படுத்தும் பொருளன்று.

டேங்கின் துருவை நீக்க மூன்று வழிகளைக் கடைகள் காட்டுகின்றன. சிட்ரிக் அமிலப் பொடி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த கெட்டித் திரவம், ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த வேகமான திரவம் என்பவை அவை. கடைசியாகச் சொன்னது துருவோடு நில்லாமல் நல்ல இரும்பையும் தின்னும். அதன் ஆவி பட்டறையில் உள்ள மற்ற இரும்புக் கருவிகளையெல்லாம் துருப்பிடிக்க வைக்கும். மெல்லிய தகட்டால் செய்த பழைய டேங்கை ஓட்டையாக்கிவிடவும் கூடும். பாஸ்பாரிக் வகை, துருவை நீக்கிய இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பாதுகாப்புப் படலத்தை விட்டுச்செல்லும். வெளிப்பாகங்களுக்கு வண்ணம் பூசுமுன் அது மிகப் பொருத்தம். டேங்குக்கு நான் தேர்ந்தெடுத்தது சிட்ரிக் அமிலம். நூறு பங்கு வெந்நீருக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு பொடி கலந்து நிரப்பி, இடையிடையே குலுக்கி, ஓர் இரவுக்கு மேல் விடுவது போதுமானது. ஆனால் அதற்கு முன் டேங்கின் உட்புறத்தைச் சோப்புநீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவியிருக்க வேண்டும். பசையின் மேல் அமிலம் ஒட்டாது. வடித்த பின் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, வெந்நீரால் கழுவி, தாமதமின்றி உலர்த்தி, உடனே டீசலால் நனைத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படியில் ஒரு மணி நேரம் சோம்பினால் புதுத் துரு பொன்னிறத்தில் முளைத்துவிடும். பித்தளை மிதவை, அலுமினியக் குழாய் போன்றவற்றை முன்பே கழற்றிவிடுவதும் அவசியம்.

துரு நீக்கிய டேங்கின் உட்புறத்தில் பூசும் மூடுபூச்சையும் சேர்த்தே விற்கிறார்கள். முழுக்கச் சுத்தமான, முழுக்க உலர்ந்த பரப்பில் மட்டுமே அது பிடிக்கும். டேங்கின் உள்ளே தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் அப்படிப்பட்ட பரப்பு இருக்கிறதா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உரிந்தால் செதில் செதிலாக வந்து டீசல் குழாயை அடைக்கும். ஊசித்துளை விழுந்த டேங்கைத் தவிர வேறெதற்கும் வாங்க வேண்டாம்.

புது டீசல் ஃபில்டர்கள், புது செப்பு வாஷர்கள், புது ரப்பர்க் குழாய்கள் ஆகியவை மதிப்பீட்டுக்கு அப்பாற்பட்டவை. தரமானவற்றை வாங்கி மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் பழைய செப்பு வாஷர் இன்ஜெக்டரோடு வெளியே வராமல் துளையின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்கவும். அதன் மேல் புதியது ஒன்றை வைத்தால் இன்ஜெக்டரின் நுனி உயர்ந்து, டீசல் விழ வேண்டிய இடத்தில் விழாது.

டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலைக்கு, அதாவது ஏர் எடுக்க, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் கைப்பிடியே போதும். அழுத்தினால் கைப்பிடி தளர்வாக ஆடி டீசல் வராவிட்டால் பம்ப் கெட்டுவிட்டது என்று பலர் புதியது வாங்கிவிடுகிறார்கள். மேடுகள் கொண்ட சுழல்தண்டான கேம் ஷாஃப்ட்டால் இயங்கும் பம்ப், கேமின் மேடு அதைத் தள்ளியபடி நிற்கும் நிலையில் இருந்தால், கைப்பிடிக்கு வேலையே இருக்காது. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் டீசல் பொங்கி வரும். ஃபில்டரின் தலை, பிறகு டீசல் பம்பின் ஏர் திருகுகள், கடைசியாக இன்ஜெக்டர் முனையில் உள்ள பைப் நட்டுகள் என்ற வரிசையை மாற்றக் கூடாது. கடைசிப் படியில் ஸ்டார்ட்டரால் சுழற்றும்போது கையை அருகே கொண்டுபோகாதீர்கள். இன்ஜெக்டர் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தம் உடையது; வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளிதான் தெரியும், ஆனால் அது உடனடி அறுவை சிகிச்சை வேண்டும் காயம்.

இன்ஜெக்டர்களை எப்படியும் கழற்றியாகிவிட்டது என்பதால் அவற்றைச் சோதிக்கும் பணிமனையிடம் கொடுத்தேன். இந்தச் சேவைக்குக் கொடுத்த பணம் முழுதும் தகும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, மூடிய பின் நுனியில் துளி நிற்கிறதா, பனிபோலப் பரவுகிறதா அல்லது தாரையாக ஒழுகுகிறதா என்ற மூன்றையும் அவர்கள் கண்முன்னே காட்டினார்கள். ஒன்றில் உள்ளே இருக்கும் ஊசி இறுகியிருந்ததால், டீசலைப் பீய்ச்சும் நுனிப்பாகமான நாசிலை மாற்றினார்கள். சரிசெய்த அழுத்தத்தைத் தனித்தனியே எழுதிக் கொடுத்தார்கள். ஒரே குறை, நுனிகளையும் பைப் வாய்களையும் மூடியிட்டுத் தராமல் ஒரு துணியில் சுற்றித் தந்தது. மயிரிழையினும் மெல்லிய துளைகளுக்குள் நூலிழை போய்விட்டால் செய்த வேலையெல்லாம் வீண் என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும். கொண்டுபோகிறவர்கள் பிளாஸ்டிக் மூடிகளைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

டீசல் பம்பைப் பொறுத்தவரை, அதைத் திறக்காமலே விட முடிந்தால் விட்டுவிடலாம். ஆனால் அதன் உட்பாகங்கள் அசைகின்றனவா என்று உறுதி செய்யாமல் எஞ்சினைக் கிளப்பக் கூடாது. சுழல் வகை பம்பில் டீசலை அளந்துவிடும் சிறு வால்வு பிசினால் ஒட்டிக்கொள்ளும்; வரிசை வகை பம்பில் எல்லா உறுப்புகளையும் ஒருசேர இயக்கும் ரேக் தண்டு இறுகிவிடும். இரண்டில் எதுவாயினும் திறந்த நிலையில் இறுகியிருந்தால், கிளம்பிய எஞ்சின் யாருக்கும் அடங்காமல் வேகம் எடுத்துக்கொண்டே போகும். சாவியைத் திருப்பினால் நிற்பது பெட்ரோல் எஞ்சின். டீசல் எஞ்சினுக்கு டீசலையோ காற்றையோ நிறுத்தினால்தான் நிற்கும். ஆகவே முதல் முறை கிளப்பும்போது காற்று உறிஞ்சும் வாயை முழுதாக மூடும் அளவில் ஒரு தட்டைப் பலகையை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்பது, எந்தக் கடையும் விற்காத பாதுகாப்புக் கருவி. உள்ளங்கையால் மூட முயல வேண்டாம்.

இனி ஸ்டார்ட்டிங் ஸ்பிரே. இந்தப் பட்டியலில் நான் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்லும் பொருள் இது. தயாரிப்பின் தரம் பற்றிய குறையன்று, பொருளின் இயல்பே இந்த வேலைக்கு எதிரானது. அதன் முக்கியப் பகுதி டைஎத்தில் ஈத்தர். அது சுமார் 35 பாகை செல்சியசில் கொதிப்பது. சுமார் 160 பாகையிலேயே தீப்பொறி இல்லாமல் தானாகப் பற்றிக்கொள்வது. டீசல் அவ்வாறு பற்ற 200 பாகைக்கு மேல் வேண்டும். டீசலைப் பம்ப் சரியான கணத்தில் பீய்ச்சுகிறது. ஈத்தரோ காற்றோடு சேர்ந்து முன்பே உள்ளே வந்துவிடுகிறது. பழைய டீசல் எஞ்சின்கள் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அமுக்குபவை. எனவே பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு வெகுமுன்பே ஈத்தர் வெடித்து, மேலேறும் பிஸ்டனைக் கீழ்நோக்கித் தாக்குகிறது. வாரக்கணக்கில் எண்ணெயில் ஊறி இப்போதுதான் இளகிய ரிங்குகள், அவற்றைத் தாங்கும் பிஸ்டனின் மெல்லிய விளிம்புகள் ஆகியவற்றின் மேல் அந்த அடி விழுகிறது. காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ சிலிண்டரில் குளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் அது வேலை செய்துகொண்டிருக்கும்போது ஸ்பிரே அடித்தால் காற்றுக்குழாயிலேயே தீப்பற்றி வெடிக்கும். கடுங்குளிருக்காக அளந்து விடும் ஈத்தர் அமைப்பைத் தயாரிப்பாளரே பொருத்திய பெரிய எஞ்சின்கள் உண்டு, அது வேறு.

ஸ்பிரே விற்பதற்குக் காரணம், அது சில எஞ்சின்களைக் கிளப்பவும் செய்கிறது என்பதே. ஆனால் டீசல் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும்: டீசல் பாதையில் காற்று இருக்கிறது, சுழலும் வேகம் போதவில்லை, அல்லது சிலிண்டருக்குள் காற்றின் அமுக்கம் போதவில்லை. ஸ்பிரே இம்மூன்றில் எதையும் தீர்ப்பதில்லை, மூன்றையும் மறைக்கிறது. நெடுநாள் நின்ற எஞ்சினில் அமுக்கம் குறைவது இயல்பு. இன்ஜெக்டர் துளை வழியே சிறு கரண்டியளவு எஞ்சின் ஆயிலை விட்டு, கையால் சில சுற்றுச் சுற்றினால் ரிங்குகளைச் சுற்றிய இடுக்கு அடைபட்டு அமுக்கம் உயரும். அதற்கு அதிகமாக விடக் கூடாது, காரணம் முன்பே சொன்னதுதான். சுழலும் வேகத்துக்குத் தேவை நல்ல பேட்டரியும், துருவும் பசையும் இல்லாத இணைப்புகளும். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் அளவு காட்ட வேண்டும். காட்டியும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றால், எர்த் கேபிள் சேசிசைத் தொடும் இடத்தைக் கழற்றி வெள்ளையாகத் தேய்த்துப் பாருங்கள். புதுப் பேட்டரிக்கு ஆகும் செலவைப் பல நேரங்களில் ஒரு துண்டு உப்புத்தாள் மிச்சப்படுத்திவிடும்.

கிளப்புவதற்குமுன் நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரால் மட்டும் சுழற்றி, ஆயில் அழுத்தம் காட்டும் முள் அசைவதைப் பார்க்க வேண்டும். உலர்ந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே சான்று. ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி கொடுத்துச் செய்யவும். அதன் பிறகு எஞ்சின் கிளம்பும்போது வெண்புகையும் நீலப்புகையுமாகக் கொட்டும். வெண்புகை எரியாத டீசல், நீலப்புகை ஊறவைத்த எண்ணெய். சூடேறச் சூடேற இரண்டும் குறைந்தால் நலம். வெண்புகை நிற்காமலிருந்து ரேடியேட்டரில் நீரும் குறைந்தால் சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் கடைக்காரர்கள் எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் திரவத்தைப் பரிந்துரைப்பார்கள். பல்லாண்டுப் படிவுகளை ஒரே மூச்சில் பெயர்த்தால் அவை போய்ச் சேரும் இடம் ஆயில் பம்பின் உறிஞ்சுவலை. அது அடைபட்டால் பேரிங்குகள் ஆயிலின்றிக் காயும். அதைவிட, எஞ்சினின் கையேடு சொல்லும் தரத்தில் மலிவான ஆயிலை ஊற்றி, சில மணி நேரம் மிதமான வேகத்தில் ஓட்டி, ஃபில்டரோடு சேர்த்து வடித்துவிட்டு மறுபடி புதியது ஊற்றுவது அதே வேலையை மெதுவாகவும் ஆபத்தின்றியும் செய்கிறது. ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கும் பொடிக்கும் இதே தீர்ப்பு. ஒழுகும் இடத்தோடு ஒழுகாத குழாய்களையும் அது அடைக்கும்.

கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கென்று எந்தப் பொருளையும் வாங்காதீர்கள். கிளட்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை அடித்தால், ஒட்டு விடுகிறதோ இல்லையோ, பிளேட்டின் உராய்வுப் பட்டை எண்ணெய் குடித்துப் பயனற்றுப்போகும். கிளட்ச் பெடலை முழுதாக அழுத்தி ஒரு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்துச் சில நாள் விட்டுவைத்து, எஞ்சினை நியூட்ரலில் நன்கு சூடேறும்வரை ஓட்டினாலே பல நேரங்களில் தானாக விட்டுவிடுகிறது. விடாவிட்டால் கிளட்ச் பகுதியைப் பிரித்துப் பார்ப்பதே வழி. டிராக்டரை அடுத்த முறை நிறுத்தி வைக்கும்போது அதே கட்டையைப் பெடலுக்கு முட்டாக வைத்துவிட்டால் பிளேட் ஒட்டுவதற்கே இடமிருக்காது.